எட்டாம் அடுக்கின் வடக்கு

பெட்டிக்குள் நுழைவதற்கு முன் உடம்பில் உள்ள இரும்பையெல்லாம் கழற்றி வாசலில் இருக்கும் மரத்தட்டில் வைத்துவிட வேண்டும். சாவி, பெல்ட், கைபேசி, ஆணி அடித்த செருப்பு எல்லாம். என் மச்சினன் இதைத் தினமும் ஒரு நாடகமாகவே நடத்துவான்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு மாமா. மிச்சம் இருக்கறது மானம் ஒண்ணுதான். அத என்ன பண்ணட்டும்?"

"உன்னோடது ஈயம். காந்தத்துல ஒட்டாது. தைரியமா போ."

பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். ஆய்வகத்துக்குள் இன்னொரு அறை. சுவர், தரை, கூரை, கதவு எல்லாம் இரட்டைத் தகடு. பூமியின் காந்தம் அதற்குள் அநேகமாக நுழையாது. திசைகாட்டியை உள்ளே கொண்டுபோனால் முள் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, வீட்டு விலாசத்தை மறந்தவன் மாதிரி எங்கேயாவது நின்றுவிடும். அங்கே வைத்துத்தான் எரிமலைக் கற்களை விசாரிப்போம்.

எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது, அதற்குள் இருக்கும் இரும்புத் துகள்கள் அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்து உறைந்துவிடும். பிறகு எத்தனை லட்சம் வருஷம் போனாலும் பார்வையை மாற்றாது. பூமி அவ்வளவு நாணயமான ஆள் இல்லை. எப்போதாவது ஒருமுறை வடக்கைத் தெற்காக்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். கல்தான் சாட்சி. மலைச்சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த குழம்பு அடுக்குகளில் துளையிட்டு, சுண்டுவிரல் நீளத்துக்குக் கல் உருளைகளை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் மேல் எது, கீழ் எது என்று அம்பு வரைந்து, பெட்டிக்குக் கொண்டுவந்து அளப்பது எங்கள் பிழைப்பு.

துளையிடுவது, உளி வைத்து உடைப்பது, அம்பு வரைவது எல்லாம் மச்சினன் கைவேலை. அதனால் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். ஆள் என்னவோ நூல்தான். அளப்பதும் கணக்குப் போடுவதும் நான். பெட்டிக்குள் அவன் கல்லை வைத்து, "வெச்சாச்சு" என்று குரல் கொடுப்பான். வெளியே திரையில் நான் படிப்பேன். கல்லின் காந்தத்தை அளக்கும் அளவுமானியின் பிடி பழையது, கொஞ்சம் தளர்ந்திருந்தது. கல் நழுவிவிடுகிறதா என்று அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், அம்பும் கோடும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். சமீபமாக இன்னும் கிட்டே போனான். இடது கண் மங்குகிறது என்றான்.

அந்தக் கண்ணுக்காகத்தான் அன்று காலை அவனை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனாள் என் மனைவி. கண் மங்கல், நெற்றிப் பொட்டில் வலி. நரம்பில் ஏதாவது இருக்கலாம், தலையை ஒரு காந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மச்சினன் முகம் சரியில்லை. குழாய் மாதிரி ஒரு யந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

"மலை உச்சியில கயித்துல தொங்கறவன், ஒரு குழாயப் பாத்து பயப்படறான் பாரு" என்றேன். "உள்ள போயி கத்தி கித்தி வெச்சிடாத மாப்ள. ஊர்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"கத்தினா உங்க பேரச் சொல்லித்தான் கத்துவேன்."

"சும்மா இருங்களேன். அவனே பயந்து கெடக்கறான்" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை. அம்மா போனபிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

நான் ஆய்வகத்துக்குப் போனேன். என்னால் போகாமல் இருக்க முடியவில்லை. ஏழாவது அடுக்கு வரை இன்றைய வடக்கையே காட்டிக்கொண்டிருந்த மலை, எட்டாவது அடுக்கிலிருந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. வடக்கு தெற்காக மாறுகிற நடுவழியிலேயே குழம்பு உறைந்திருக்கிறது என்றால், அது லேசில் கிடைக்கிற சரக்கு இல்லை. எங்கள் ஆய்வகத் தலைவர் அதற்குள் நாலு பேரிடம் சொல்லி, அந்த நாலு பேரும் நேரில் வந்து பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது அடுக்கில் மீதி இருந்த கற்களையும் அளந்து வைத்துவிட்டால் என் கடையை விரித்துவிடலாம்.

மச்சினன் இல்லாததால் கல்லை நானே உள்ளே வைத்துவிட்டு, வெளியே வந்து திரையைப் பார்த்தேன்.

வடக்கு.

பக்கவாட்டு இல்லை. நேராக, சாதுவாக, இன்றைய வடக்கு.

சரி, ஒரு கல் சோடை போயிருக்கும் என்று அடுத்ததை வைத்தேன். வடக்கு. அதற்கடுத்தது. வடக்கு. கல்லோடு பேரம் பேசிப் பார்த்தேன். நன்றாகச் சூடேற்றி, மேலோட்டக் காந்தத்தையெல்லாம் கழித்துவிட்டு மறுபடி வைத்தேன். வடக்கு என்றால் வடக்கு. போன வாரம் பக்கவாட்டு காட்டிய கல் ஒன்றையே டப்பாவிலிருந்து எடுத்து வைத்தேன். அதுவும் கட்சி மாறிவிட்டது.

தலைவரின் முகத்தை நினைத்துப் பயந்தேன். இதைவிடப் பெரிய பயம் ஒன்று அதன் பின்னால் வரிசையில் நிற்பது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பா மளிகைக் கடைக்காரர். எடையில் சந்தேகம் வந்தால் சரக்கைக் குறை சொல்லாதே, தட்டு மாற்றி நிறு என்பார். இடது தட்டில் இருந்ததை வலது தட்டுக்கு மாற்று. தட்டுக்கு அடியில் யாராவது புளியை ஒட்டியிருந்தால் தானே வெளியே வரும். எங்கள் வேலையிலும் அதே விதி உண்டு. ஒரு கல்லை ஆறு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்து அளக்க வேண்டும். வெளிக் காந்தம் ஏதாவது கலந்திருந்தால், மேல்பக்கம் கூடுவது கீழ்ப்பக்கம் திருப்பும்போது கழிந்துவிடும். நாங்களோ ஏழு அடுக்கு வரை எல்லாம் ஒழுங்காக வருகிறதே என்று, மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். பாதி நேரம் மிச்சம். மளிகைக்கடைக்காரன் பிள்ளை தட்டு மாற்ற மறந்தான்.

அப்படியானால் தட்டுக்கு அடியில் புளி இருந்திருக்கிறது. போன வாரம் வரை இருந்தது, இன்றைக்கு இல்லை. போன வாரம் இருந்து இன்றைக்கு இல்லாதது எது?

அளவுமானியை ஓடவிட்டுவிட்டு உள்ளே போனேன். மச்சினன் நிற்கிற இடத்தில் நின்று, அவன் குனிகிற மாதிரி குனிந்து, முகத்தைக் கல்லுக்குக் கிட்டே வைத்துக்கொண்டேன். பிறகு வெளியே வந்து பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

முகம் கிட்டே வந்தால் கல் திரும்புவதில்லை. அவன் முகம் வந்தால்தான் திரும்புகிறது.

நான் அந்தப் பெட்டியின் வாசலிலேயே நின்றேன். மரத்தட்டில் என் சாவியும் கைபேசியும் கிடந்தன. அவன் பெல்ட்டைக் கழற்றினான், செருப்பைக் கழற்றினான். எல்லாவற்றையும் என் கண் எதிரிலேயே கழற்றினான். கழற்ற முடியாத ஏதோ ஒன்றோடு உள்ளே போயிருக்கிறான்.

மூலையில் மலைக்குக் கொண்டுபோகிற சாமான் பை இருந்தது. எதற்கு அதைத் திறந்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கயிறு, பித்தளைக் கம்பி, உளி, அவனுடைய சம்மட்டி. சம்மட்டியை வெளிச்சத்தில் திருப்பினேன். அதன் முகத்து விளிம்பில் பிறை மாதிரி ஒரு சின்னச் சில்லு இல்லை. மற்ற இடமெல்லாம் துருவேறிக் கறுத்திருக்க, அந்தப் பிறை மட்டும் பளிச்சென்று இருந்தது.

எட்டாவது அடுக்கு. மற்றவற்றைவிட இறுகிய கல். உளி இறங்கவில்லை என்று ஓங்கி ஓங்கி அடித்தான். நடுவில், "ஸ்ஸ்" என்று கண்ணைப் பொத்தினான். "தூசி மாமா. ஒண்ணுமில்ல" என்றான். தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ரெண்டு நாள் சிவந்திருந்து சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் மலை பக்கவாட்டில் திரும்பியது. அதன் பிறகுதான் அவன் கண் மங்கியது. கண் மங்க மங்க முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான். கிட்டே போகப் போகக் கல் இன்னும் திரும்பியது. நான் அதைப் பார்த்து உள்ளுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தேன்.

லாபம் போனால் போகட்டும். முதலுக்கே மோசம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

காந்த ஸ்கேன்.

அந்த யந்திரம் ஒரு காந்தம். சாதாரணக் காந்தம் இல்லை. பூமியின் காந்தத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. கண்ணுக்குள் இருக்கும் இரும்புச் சில்லு அதன் பக்கத்தில் போனால் சும்மா கிடக்காது. திசைகாட்டி முள் வடக்கைத் தேடித் திரும்புவதுபோல் திரும்பும். சதையைக் கிழித்துக்கொண்டு திரும்பும்.

கைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மச்சினன் கைபேசி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கேயும் ஒரு தட்டு இருக்கும். அங்கேயும், "எல்லாத்தையும் கழட்டுங்க" என்று சொல்லியிருப்பார்கள். "உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருப்பார்கள். அவனும், "நெஞ்சுல கொஞ்சம் ஈரம்தான் இருக்கு" என்று ஏதாவது ஜோக்கடித்திருப்பான்.

ஓடிக்கொண்டே ஸ்கேன் சென்டரைக் கூப்பிட்டேன். தெருவில் ஒரு டாக்சியை மறித்து ஏறும்போது ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், ஸ்கேன் சென்டர்."

"அம்மா, என் மச்சினன் அங்க வந்திருக்கான். தலை ஸ்கேன். அவன உள்ள விடாதீங்க. கண்ணுல இரும்பு இருக்கு."

"கண் டாக்டர் ரெண்டாவது மாடிங்க சார். லைன் மாத்தித் தர்றேன்."

"மாத்தாத, மாத்தாத—"

புல்லாங்குழல் இசை வந்தது. இவ்வளவு அமைதியான இசையைக் கேட்டு எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை. துண்டித்துவிட்டு மறுபடி போட்டேன். டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவசரமா சார்?"

"உசுரு போற அவசரம்."

"எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க" என்றார். ஆனாலும் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒரு சந்துக்குள் திருப்பினார். சந்தில் ஒரு லாரி சாமான் இறக்கிக்கொண்டிருந்தது.

மறுபடி அதே பெண். இந்த முறை மூச்சை இழுத்து, பெயரைச் சொன்னேன். அவன் வயதைச் சொன்னேன். கூட வந்திருப்பவள் பச்சைப் புடவை என்றேன்.

"அவரா? இப்பதாங்க உள்ள கூப்பிட்டாங்க."

"மெஷின நிறுத்துங்க."

"அத நிறுத்தல்லாம் முடியாதுங்க சார். ஸ்கேன் எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் அந்தக் காந்தம் எப்பவும் வேலை செஞ்சுகிட்டேதான் இருக்கும்."

எனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"அப்ப கதவத் தாண்ட விடாதீங்க. அவன் கண்ணுக்குள்ள ஒரு இரும்புத் துண்டு இருக்கு. அது அவனுக்கே தெரியாது. தாயி, உன் கால்ல விழறேன், போனக் கீழ வெச்சிட்டு ஓடு."

பிறகு நாற்காலி இழுபடும் ஓசை. செருப்புச் சத்தம், தூரத் தூரப் போனது.

போன் மேசைமேல் கிடந்தது. மின்விசிறியின் கரகர சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரியவர், "ரசீது யாருங்க குடுப்பா?" என்று கேட்டார். "ஆள் இல்லாத கடையா இது?" என்றார். லாரிக்காரன் இன்னும் ஒரு மூட்டையை இறக்கினான். நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு அலறலுக்காகக் காத்திருந்தேன். "கத்தினா உங்க பேரச் சொல்லித்தான் கத்துவேன்." வேண்டாத தெய்வமில்லை. எந்தப் பக்கம் பார்த்து வேண்டினேன் என்றுதான் தெரியவில்லை.

சென்டருக்குள் நான் ஓடியபோது தாழ்வாரத்தில் மனைவி நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் தம்பியின் சட்டை, பெல்ட், சாவி, அவனுடைய கைபேசி. சத்தத்தை அணைத்து வைத்திருந்த அதில் நான் அழைத்தது இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க? நீங்க எங்க இங்க? ஒரு பொண்ணு உள்ள ஓடுச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. தம்பிக்கு என்ன?"

கதவு திறந்தது.

உள்நடையில் ஒரு பெஞ்சில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி அங்கி பின்னால் நாடா அறுந்து தொங்கியது. இடது கையால் கண்ணைப் பொத்தியிருந்தான். பக்கத்தில் அந்தப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, அறுந்த நாடாவைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நிலைப்படிகிட்ட போனேன் மாமா" என்றான். அவன் குரல் அவன் குரலாக இல்லை. "கண்ணுக்குள்ள யாரோ நூல் கோத்து இழுத்த மாதிரி இருந்துச்சு. நின்னுட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பீங்களேன்னு இன்னொரு அடி வெச்சேன். அதுக்குள்ள இந்தப் பொண்ணு பின்னாலேர்ந்து அங்கியப் புடிச்சு இழுத்துடுச்சு." சிரிக்கப் பார்த்தான். "மிச்சம் இருந்த மானமும் போச்சு."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொத்திய விரல்களுக்கு இடையே ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. அது இளஞ்சிவப்பாக இருந்தது.

சாதா எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் கண்குழிக்குள் ஒரு வெள்ளைக் கீறல். கடுகைவிடச் சின்னது. கண் மருத்துவர் அதை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்திருக்கும் போலிருக்கிறது, எவ்வளவு சேதம் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும், எடுத்த பிறகும் பார்வை நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நிறுத்து நிறுத்துப் பேசினார். விற்கிறவர் சொல்லைக் குறைக்கக் குறைக்கச் சரக்கு மோசம் என்பது எங்கள் வீட்டுப் பாடம்.

அறுவைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, மனைவி முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடந்ததெல்லாம் சொல்லியிருந்தேன். எட்டாவது அடுக்கு, தூசி, பக்கவாட்டு வடக்கு, எல்லாம்.

"பல லட்சம் வருஷமா கல்லுக்குள்ள கெடக்கற இரும்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு உங்களுக்குத் தெரியுது" என்றாள். "ஒரே சோத்துப் பானையில சாப்பிடறவன் கண்ணுல கெடந்தது தெரியல. இல்ல?"

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

தலைவரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். எட்டாவது அடுக்கும் வடக்குதான் ஐயா, அதற்கு மேலே உள்ளவற்றையும் ஆறு பக்கமும் திருப்பி அளக்கப் போகிறேன், அவையும் வடக்காகத்தான் இருக்கும். வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டார். "சரக்கு வரலைன்னு சொல்லிடுங்க" என்றேன். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சு என்னைக் கொன்றிருக்கும்.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. வார்டில் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். முந்தின நாள் முழுக்க மச்சினன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுதான் எங்கள் ரெண்டு பேரையும் வதைத்தது. நான் அவனுக்குத் தைரியம் சொல்ல எட்டாவது அடுக்குக் கல் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவன் கையால் வரைந்த அம்பு. பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று கிளம்பும்போது தோன்றியது. பார்க்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று வழியில்தான் தோன்றியது.

மருத்துவர் பஞ்சை எடுத்தார். நல்ல கண்ணைக் கையால் மூடச் சொன்னார். மச்சினன் மூடினான். இடது கண் சிவந்து, வீங்கி, எதையும் பார்க்காததுபோல் திறந்திருந்தது. அது மனைவியின் முகத்தைத் தாண்டிச் சென்றது. என் முகத்தையும் தாண்டிச் சென்றது. மனைவி என் கையைப் பிடித்த பிடியில் விரல் நோவு எடுத்தது.

"என்ன தெரியுது?" என்றார் மருத்துவர்.

"வெளிச்சம்" என்றான். "வெளிச்சம் தெரியுது."

அவ்வளவுதான். என்ன செய்வது என்று தெரியாமல் பையிலிருந்து கல்லை எடுத்து அவன் எதிரே நீட்டினேன். அந்தக் கண் கல்லின்மேல் வந்து நின்றது. சுருங்கியது. பழக்க தோஷத்தில் முகத்தை முன்னால் கொண்டுவந்தான், இன்னும் முன்னால், மூச்சு என் விரலில் படுகிற அளவுக்கு. நான் என்னையறியாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஆட்டாதீங்க" என்றான்.

கல்லை இறுக்கிப் பிடித்தேன்.

"கல்லத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க மாமா."

குனிந்து பார்த்தேன். அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.